இருநூற்றுப் பன்னிரண்டாம் பலகை

அவர் செத்துப்போனார் என்று போன வாரம் செய்தி வந்தது. காலமானார், இயற்கை எய்தினார், இறைவனடி சேர்ந்தார் என்று எங்கள் தோட்டத்து வாட்ஸப் குழுவில் ஆளாளுக்குப் போட்டுத் தாளித்துவிட்டார்கள். நான் செத்துப்போனார் என்றுதான் எழுதுவேன். அந்த ஒரு சொல்லை வாயிலிருந்து வரவிடாமலேயே பத்தொன்பது வருடம் ஒரு தாவரவியல் தோட்டத்தைக் கட்டி மேய்த்த மனிதர் அவர். கடைசியில் அந்தச் சொல்லாவது அவருக்குப் போய்ச் சேரட்டும்.

பெயரைச் சொல்லப்போவதில்லை. கண்ணில் பட்ட செடிக்கெல்லாம் பெயர்ப்பலகை எழுதியே காலத்தை ஓட்டியவர்; இந்த ஒரு இடத்தில் பலகை இல்லாமல் நிற்கட்டும். எங்களுக்கு அவர் 'சார்', தோட்டத்தின் கண்காணிப்பாளர். மூக்கையா அண்ணன் மட்டும் முதுகுக்குப் பின்னால் 'பலகைக்காரர்' என்பார். மூக்கையா அண்ணன் தோட்டக்காரர். நான் செடிப் பதிவேடு எழுதுகிறவள். தோட்டம் என்றால் நாங்கள் மூன்று பேர்தான். மற்றவர்கள் வருவார்கள், மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

போடியிலிருந்து குரங்கணி போகிற வழியில், சாலை வளைந்து வளைந்து மலையேறும் இடத்தில் இருக்கிறது எங்கள் பல்கலைக்கழகத் தோட்டம். வெள்ளைக்காரன் காலத்தில் யாரோ ஒரு துரை, மேலே காட்டை வெட்டி ஏலமும் காப்பியும் போட்ட கையோடு, வெட்டிய காட்டில் என்னென்ன இருந்தது என்று பார்க்க ஆசைப்பட்டு, ஒவ்வொன்றிலும் ஒன்று கொண்டுவந்து இங்கே நட்டானாம். நல்ல ஆசைதான் போங்கள். அவன் போன பிறகு தோட்டம் பல்கலைக்கழகத்தின் கைக்கு வந்தது. துரை காலத்துத் தாளிப்பனை, பெரணிகளுக்கென்று ஒரு கல் வீடு, கண்ணாடி எல்லாம் போய்ச் சட்டம் மட்டும் நிற்கும் கண்ணாடிக் குடில், ஆர்க்கிட் தொங்கும் மரங்கள், இஞ்சி இனத்துக்கென்று ஓடையோரம் நீளமாய் ஒரு பாத்தி. ஒவ்வொரு செடிக்கும் ஒரு எண். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு தகரப் பலகை, பதிவேட்டில் ஒரு வரி.

நான் சிலமலைக்காரி. போடியில் தாவரவியல் படித்துவிட்டு, தற்காலிக வேலை என்ற உத்தரவோடு முதல் நாள் பஸ்சும் ஜீப்பும் மாறி அங்கே போய்ச் சேர்ந்தேன். அன்றைக்கே சார் என்னைக் கையில் பதிவேட்டோடு சுற்றுக்கு அழைத்துப்போனார். கருப்புக் குடையை ஊன்றி ஊன்றி முன்னால் நடப்பார். மழை, வெயில் எதற்கும் அதை விரித்து நான் பார்த்ததில்லை. செடியைச் சுட்டிக்காட்டத்தான் அந்தக் குடை. ஒரு தொட்டியின் முன் நின்றார். தொட்டியில் ஒரு காய்ந்த குச்சி இருந்தது. குச்சியில் ஒரு சிலந்தி குடியிருந்தது.

"சார், இது செத்துப்போச்சு," என்றேன்.

மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என்னை ஏற இறங்கப் பார்த்தார். கெட்ட வார்த்தை பேசிய பிள்ளையைப் பார்க்கிற பார்வை.

"செடி சாகாதும்மா. உறக்கத்துக்குப் போகும். உள்ளதுன்னு எழுதிக்கோ."

எழுதிக்கொண்டேன். இப்போது நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. அன்றைக்கு அதைப் பெரிய விஞ்ஞானம் என்று நம்பினேன். காந்தள் கோடையில் தண்டு வாடிக் கிழங்காய் மண்ணுக்குள் கிடந்து, மழைக்கு முளைக்கிறதே, அப்படி என்று அவர் விளக்கமும் கொடுத்தார். விளக்கம் சரிதான். ஆனால் காந்தளுக்குக் கடவுள் கொடுத்த சலுகையை இவர் பெரணிக்கும் ஆர்க்கிட்டுக்கும் மாங்கன்றுக்கும் சேர்த்து வாரி வழங்கிவிட்டார். அந்தக் குச்சி மூன்று வருடம் உறங்கியது. பிறகு சிலந்தியும் வேறிடம் பார்த்துக்கொண்டு போய்விட்டது.

அவர் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோட்டக்கலையில் டாக்டர் பட்டம் வாங்கிய அந்தக் கையின் நகக்கண்ணில் ஒருநாளும் மண் ஒட்டிப் பார்த்ததில்லை. கருப்புப் பெயின்ட்டுதான் ஒட்டியிருக்கும். பலகைகளை அவரே எழுதுவார். ஆள் வைத்து எழுத மாட்டார். தகரத்துக்குக் கருப்பு அடித்து, காயவைத்து, ஒட்டகமயிர்த் தூரிகையால் வெள்ளையில் எழுத்து. செடியின் லத்தீன் பெயர், குடும்பம், தமிழ்ப் பெயர், பிறந்த இடம், கொண்டுவந்து கொடுத்தவர். ஒரு எழுத்து கோணாது. ஒரு பிழை இருக்காது. பக்கத்தில் செடி தண்ணீர் இல்லாமல் துவண்டு கிடக்கும். இவர் அதன் காலடியில் மணைபோட்டு உட்கார்ந்து, அதன் பாட்டனார் எந்த மலையில் பிறந்தார் என்று எழுதிக்கொண்டிருப்பார். மூக்கையா அண்ணன் குடத்தோடு வந்தால், பலகை ஈரமாகிவிடும், அப்புறம் வா என்று விரட்டுவார்.

தாளிப்பனைக் கதை எங்கள் தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். தாளிப்பனை வாழ்நாளில் ஒரே ஒருமுறை பூக்கும். உச்சியில் கோபுரம் எழும்பினாற்போல் பூத்து, காய்த்து, அத்தோடு முடிந்துவிடும். இதை அவரே பலகையில் எழுதி வைத்திருந்தார். நான் சேர்ந்த இரண்டாம் வருடம் அது பூத்தது. போடியிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் ஜனங்கள் லோடு லோடாய் வந்து பார்த்துப் படம் எடுத்துப் போனார்கள். காய் கொட்டி முடிந்தது. மட்டை தொங்கியது. மரம் பட்டுப்போய்விட்டது, வெட்டிவிடலாம் என்று மூக்கையா அண்ணன் சொன்னார். சார் ஒப்பவில்லை. பெரிய உழைப்பு உழைத்திருக்கிறது, ஓய்வெடுக்கிறது என்றார். தன் கையால் தான் எழுதிய பலகையையே படித்துப் பார்க்காத மனிதர். ஒரு வருடம் ஓய்வெடுத்த மரம், ஐப்பசிக் காற்றில் ஒருநாள் பகலில் சாய்ந்து பல்கலைக்கழக ஜீப்பின் மேல் விழுந்தது. நல்லவேளை, உள்ளே ஆள் இல்லை. விழுந்து கிடந்த மரத்தைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "படுத்துட்டது," என்றார். அவ்வளவுதான். படுத்துவிட்டதாம்.

இதெல்லாம் வெறும் பைத்தியக்காரத்தனம் என்று சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் அவருடைய பைத்தியத்தில் ஒரு ஒழுங்கு இருந்தது. வருடத்துக்கு ஒருமுறை, தை பிறந்ததும், பல்கலைக்கழகத்திலிருந்து சரிபார்ப்புக் குழு வரும். சமவெளிக்காரப் பேராசிரியர்கள் மூன்று பேர். வளைவுகளில் தலைசுற்றி, வந்து இறங்கும்போதே பாதி உயிர்தான் இருக்கும். நான் எண்ணைப் படிப்பேன். சார் குடையை நீட்டுவார். பலகை இருக்கும், பலகைக்குப் பின்னால் ஏதோ ஒரு பச்சை இருக்கும். குழு தலையாட்டும். நான் 'உள்ளது' என்று எழுதுவேன். பிறகு பிரியாணி.

பலகைக்குப் பின்னால் அந்தப் பச்சையை வைப்பதுதான் மூக்கையா அண்ணனுக்குத் தையில் உள்ள சோலி. செத்த பெரணிக்குப் பதில் ஓடையோரம் கிடக்கிற ஏதாவது பெரணி. செத்த ஆர்க்கிட்டுக்குப் பதில் மரத்தில் ஒட்டிய எதுவானாலும் சரி. இஞ்சி இனப் பாத்தியில் எது போனாலும் கஷாயத்துக்குப் போடுகிற சித்தரத்தை. சித்தரத்தைக்கு மண் வேண்டாம், தண்ணீர் வேண்டாம், கவனிப்பு வேண்டாம். எங்கே வைத்தாலும் தழைத்துவிடும். நான் வேலைக்குச் சேர்ந்தபோது நாலு பலகைக்குப் பின்னால் நின்ற சித்தரத்தை, சார் ஓய்வு பெறும்போது பதினோரு பலகைக்குப் பின்னால் நின்றது.

"நம்ம சித்தரத்தைக்குத்தேன் தங்கச்சி, இந்த யுனிவர்சிட்டியில எத்தன உத்தியோகம்," என்பார் மூக்கையா அண்ணன்.

நான் சிரிப்பேன். சிரித்துவிட்டு 'உள்ளது' எழுதுவேன். என் வேலை அப்போது நிரந்தரமாகவில்லை. நிரந்தரமாக வேண்டுமென்றால் சாருடைய கையெழுத்து வேண்டும். இதை ஒரு சாக்காகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

பேச்சியம்மாள் வந்தது ஒரு வைகாசி மாதம். மேலே கொட்டகுடிப் பக்கம் ஒன்றரை ஏக்கர் ஏலச்சரிவு வைத்திருந்த பெண். ஐம்பது வயதிருக்கும். கையில் மஞ்சள் பை, காலில் அட்டைக்கடி காய்ந்த தழும்பு. எல்லாரையும்போல் அவளும் ஒரு காலத்தில் பழைய ஏலத்தைப் பிடுங்கிவிட்டுப் புது ரகம் வைத்தவள். புது ரகம் வாரிக் கொடுத்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் அதற்குத் தண்ணீர் குடம் குடமாய் ஊற்ற வேண்டும். இரண்டு மூன்று வருடமாய் மாசி பிறக்குமுன்னே ஓடை வற்றிப்போய், மேட்டுப் பாதியில் அவள் செடி முழுக்கக் கருகிவிட்டது.

அவளுடைய அப்பா காலத்து ஏலம் வேறு மாதிரி. காய் சிறிசு, மணம் கூடுதல். அதன் பூச்சரம் மேலே நிமிராது, தரையோடு தரையாய்ப் படர்ந்து கிடக்கும். தரைச்சரம் என்று அங்கே பெயர். வறட்சிக்குச் சளைக்காது. அந்தத் தட்டை இப்போது மலையில் எங்குமே இல்லை. தட்டை என்றால் நடுவதற்குக் கிழங்கோடு பெயர்த்தெடுக்கும் ஏலத்தண்டு. கொட்டகுடியில் தொடங்கி எஸ்டேட் எஸ்டேட்டாய் அவள் தேடிப் பார்த்துவிட்டாள். பிறகுதான் அவளுக்குத் தன் அப்பாவின் ஞாபகம் வந்திருக்கிறது. இளவட்டமாய் இருந்தபோது, தோட்டத்துக்காரர்கள் கேட்டார்கள் என்று ஒரு தூரைச் சாக்கில் கட்டித் தலையில் சுமந்துவந்து அவர் இங்கே கொடுத்திருக்கிறார்.

பதிவேட்டைப் புரட்டினேன். இருந்தது. எண் இருநூற்றுப் பன்னிரண்டு. ஏலம், தரைச்சரம், கொண்டுவந்தவர் கருப்பையா, கொட்டகுடி. அவளுக்கு வாசித்துக் காட்டினேன். அப்பாவின் பெயரை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். பிறகு சாரிடம் போய், நாலே நாலு தட்டை கொடுத்தால் போதும், வைத்துப் பெருக்கிக்கொள்வேன் என்று கேட்டாள்.

நாலு தட்டை. கேட்டது அவ்வளவுதான். அவள் கேட்டதைக் கொடுக்க இவரிடம் இல்லை என்பது எனக்கும் மூக்கையா அண்ணனுக்கும் தெரியும். அந்தச் செடி இவர் வந்த ஆறாம் வருடமே போய்விட்டது. துணைவேந்தர் யாரோ வருகிறார் என்று, பார்வைக்கு லட்சணமாய் இருக்கட்டுமென இஞ்சிப் பாத்தியில் ஒவ்வொரு தூரையும் சுற்றிச் சிமென்ட்டு வளையம் கட்டச் சொன்னார். ஏலத்துக்கு ஈரம் வேண்டும், ஆனால் தண்ணீர் நிற்கக் கூடாது. கொட்டகுடியில் கைப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆடி மழைக்கு வளையத்துக்குள் தண்ணீர் தேங்கி, கிழங்கு அழுகி, ஒரே மாதத்தில் தூர் சரிந்தது. அடுத்த தையில் அந்த வளையத்துக்குள் சித்தரத்தை நின்றது. பலகை மட்டும் அப்படியே பளபளவென்று இருந்தது.

'போயிருச்சும்மா, என் தப்பு' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் அன்றைக்கே திட்டிவிட்டு, மேட்டுப் பாதியில் மிளகோ காப்பியோ வைத்துப் பிழைத்திருப்பாள். சொல்வாரா மகராசன்? விண்ணப்பம் எழுதிக் கொடுக்கச் சொன்னார். பத்து நாள் கழித்துப் பதில் கடிதத்துக்கு வாசகம் சொன்னார், நான் எழுதினேன். தாங்கள் கோரிய ஏலச்செடி தற்போது உறக்க நிலையில் உள்ளது. அடுத்த வருடம் ஆனியில் தட்டை வழங்கப்படும். அலுவலகத்தில் கணினி இருந்தது. ஆனாலும் கைப்பட எழுதினால்தான் ஜனங்களுக்கு மரியாதை என்பது அவர் கொள்கை. என் கையெழுத்து குண்டு குண்டாய் அழகாய் இருக்கும்.

பேச்சியம்மாள் கடிதத்தை வாங்கிக்கொண்டு, செடியை ஒருதரம் பார்த்துவிட்டுப் போகிறேனே என்றாள். உறக்கத்தில் இருக்கும்போது ஆள் நடமாட்டம் ஆகாது என்று சார் சொல்லிவிட்டார். இஞ்சிப் பாத்திக்கு முன்னால் கம்பிக்கதவு, பூட்டு. அவள் வெளியே வந்தாள். நான் வாசல்வரை கூடப் போனேன். அங்கே நின்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"நீ பாத்தியா ஆத்தா? உசுரோட இருக்கா?"

"இருக்குக்கா," என்றேன். "நீங்க வெசனப்படாதீங்க, நான் பாத்துக்கிறேன்."

அருகில் நின்ற மூக்கையா அண்ணன், கத்தரிக்க ஒன்றுமில்லாத செடியைக் கத்தரிக்கத் தொடங்கினார்.

அடுத்த வருடமும் வந்தாள். மேட்டுப் பாதியில் குழி எடுத்து, மட்கு போட்டு, நிழல் மரத்தைக் கவாத்து பண்ணி வைத்துவிட்டேன், தட்டை மட்டும்தான் பாக்கி என்றாள். அதே வாசகம், அதே என் கையெழுத்து, இரண்டாவது கடிதம். மூன்றாம் வருடம் வந்தபோது முகம் சுண்டிப்போயிருந்தது. திருப்பூரில் இருக்கிற மகன், சும்மா கிடக்கிற மேட்டுப் பாதியோடு மொத்தச் சரிவையும் கூடாரம் போட்டு ஆட்களைத் தங்கவைக்கிற ஒரு பார்ட்டிக்கு எழுதிக் கொடுக்கச் சொல்லி உயிரை எடுக்கிறானாம். இந்த ஆனியில் நட்டுக் காட்டினால் விட்டுவிடுகிறேன், இல்லையென்றால் கையெழுத்துப் போடு என்று தவணை கொடுத்திருந்தான். மூன்றாவது கடிதமும் எழுதினேன், இந்தத் தடவை 'இந்த ஆனியில்' என்று. சாரிடம் மெதுவாக, உண்மையைச் சொல்லிவிடலாமே சார் என்றேன். எந்த உண்மை என்று கேட்டார். உண்மையிலேயே தெரியாதவர்போல் கேட்டார். சித்தரத்தை சார் அது என்றேன். பதிவேட்டில் என்னவென்று இருக்கிறது என்று கேட்டார். ஏலம் என்று இருக்கிறது. யார் எழுதியது? நான் எழுதியது. அப்புறம் என்ன என்பதுபோல் தூரிகையை எடுத்துக்கொண்டார்.

ஒரே ஒருமுறை அவர்மேல் எனக்கு இரக்கம் வந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் வஞ்சகம் ஆகும். ஒரு சாயங்காலம் ஆர்க்கிட் தொங்கும் மரத்தடியில், யாருமே பார்க்காத ஒரு பலகைக்கு எழுத்துப் புதுப்பித்துக்கொண்டிருந்தார். அந்த ஆர்க்கிட் அவர் வருவதற்கு முன்பே இல்லாமல் போனது. காட்டிலும் இப்போது இல்லையாம். எதற்கு சார் இது என்று கேட்டேன். இப்படி ஒன்று இருந்தது என்று யாருக்காவது தெரிய வேண்டாமாம்மா என்றார். அடடா என்று மனசு இளகிவிட்டது. வீட்டுக்குப் போகிற பஸ்சில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். இருந்தது என்று எழுதியிருந்தால் நானும் சேர்ந்து அழுதிருப்பேன். இவர் இருக்கிறது என்றல்லவா எழுதுகிறார்! இளகிய மனசு சிலமலை வருவதற்குள் இறுகிவிட்டது.

அந்த ஆனியில் தோட்டத்து ஆண்டு விழா. துணைவேந்தர் தலைமை. செடி கொடுத்த குடும்பங்களைக் கௌரவிக்கலாம் என்று சாருக்கு ஒரு யோசனை உதித்தது. ஆளனுப்பிப் பேச்சியம்மாளை வரச்சொன்னார். இருநூற்றுப் பன்னிரண்டாம் பலகையின் பக்கத்தில் நிறுத்திப் பொன்னாடை போர்த்திப் படம் எடுப்பது என்று ஏற்பாடு. வேண்டாம் சார், அவுங்க ஏலக்காட்டுக்காரங்க என்றேன். அதனால்தானே கூப்பிடுகிறேன் என்றார். அவர் ஏமாற்றப் பார்க்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தப் பலகையை அத்தனை தடவை எழுதி எழுதி, அதற்குப் பின்னால் நிற்பது ஏலம் என்றே அவர் நம்பிவிட்டார். இல்லாவிட்டால் இத்தனை பெரிய தப்பை யார் செய்வார்கள்?

பேச்சியம்மாள் பட்டுச்சேலை கட்டி வந்திருந்தாள். தட்டை கட்டிக்கொண்டு போகச் சாக்கும் கொண்டுவந்திருந்தாள். கம்பிக்கதவு திறந்தது. முன்னால் துணைவேந்தர், பின்னால் பேராசிரியர்கள், போட்டோக்காரர். சார் குடையை நீட்டி, உங்க அப்பா கொண்டுவந்த செடி இதுதாம்மா என்றார்.

அவள் முதலில் பலகையைப் பார்த்தாள். அப்பாவின் பெயரை விரலால் தொட்டாள். பிறகு ஏலக்காட்டில் பழகிய எந்தப் பொம்பளையும் செய்கிறதைச் செய்தாள். குத்தவைத்து உட்கார்ந்து, தூருக்கடியில் சருகை விலக்கிப் பார்த்தாள். ஏலத்துக்குப் பூ காலடியில்தான் வரும். ஆனி மாதம் தரையெல்லாம் சரம் கிடக்க வேண்டும். ஒன்றும் இல்லை. நிமிர்ந்து பார்த்தாள். தண்டின் உச்சியில் கொத்தாய் வெள்ளைப் பூ பூத்து நின்றது. ஒரு இலையைக் கிள்ளிக் கசக்கி மோந்து பார்த்தாள். கஷாய வாசம் எனக்கே அடித்தது.

எழுந்து நின்று சாரிடம் தணிந்த குரலில் கேட்டாள்.

"எங்கய்யா சித்தரத்தையவா சார் சாக்குல கட்டிச் செமந்தாரு?"

சார் முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை.

"உறக்கத்துல இருக்கும்போது ஏலம் பார்வைக்கு இப்படித்தான்மா இருக்கும்," என்றார்.

துணைவேந்தர் தலையாட்டினார். அவர் படித்தது வணிகவியலோ என்னவோ. கூட நின்ற தாவரவியல் பேராசிரியர்கள் மூன்று பேரும் தலையாட்டினார்களே, அதற்கு என்ன சொல்ல? பொன்னாடையைப் போர்த்தினார்கள். கைதட்டினார்கள். போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. படம் இன்றைக்கும் அலுவலகச் சுவரில் தொங்குகிறது. பின்னால் கதவோரம் பதிவேட்டைக் கட்டிக்கொண்டு நிற்கிறவள் நான்.

கூட்டம் பந்திக்குப் போன பிறகு அலுவலகத்துக்கு வந்தாள். பொன்னாடையை மடித்துக் கையில் வைத்திருந்தாள். மஞ்சள் பையிலிருந்து மூன்று கடிதங்களையும் எடுத்து, என் மேஜையில் வரிசையாய்ப் பரப்பினாள். மடிப்பு கலையாமல் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துக் காப்பாற்றியிருந்தாள்.

"இது ஆரு எழுத்து ஆத்தா?"

"என் எழுத்துதான்க்கா."

"ஒனக்கு மொதல்லயே தெரியுமா?"

தெரியும் என்றேன். வேறென்ன சொல்வது?

என்னை வைவாள் என்று காத்திருந்தேன். வைதிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் குரலை உயர்த்தவே இல்லை.

"செடி ஒறங்குதுன்னு அந்தாளு சொல்றப்பயே எனக்குச் சிரிப்பாத்தேன் இருந்துச்சு. மலையில பெறந்தவ எவ நம்புவா? ஒங்கிட்ட வந்து கேட்டேன்ல, நீ இருக்குன்னு சொன்னேல்ல. சிலமலைக்காரப் புள்ள, சம்சாரி வீட்டுப் புள்ள, பொய் சொல்லாதுன்னு நெனச்சேன். அவர நம்பி இல்ல ஆத்தா, ஒன்னைய நம்பித்தேன் மூணு வருசம் குழிய வெட்டிப் போட்டுக் காத்துக் கெடந்தேன்."

கடிதங்களை எடுத்துக்கொள்ளவில்லை. சாக்கை மட்டும் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனாள். வாசலில் மூக்கையா அண்ணன் சாப்பிட்டுப் போகச் சொல்லிக் கூப்பிட்டார். திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

அந்த ஆடியிலேயே சரிவைக் கூடாரக்காரர்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அவள் எடுத்து வைத்த குழிகளில்தான் கம்பம் நட்டிருக்கிறார்களாம். இப்போது திருப்பூரில் மகன் வீட்டில் இருக்கிறாள். எனக்கு அதே ஆடியில் வேலை நிரந்தரமானது. உத்தரவில் சாருடைய கையெழுத்து, பலகை எழுத்தைப்போலவே கோணாமல் இருந்தது. கை கொடுத்து வாழ்த்தினார். நானும் கும்பிட்டு வாங்கிக்கொண்டேன்.

பிறகு அவர் ஓய்வு பெற்று மதுரைப் பக்கம் போய்விட்டார். இத்தனை வருடமாய் வருவோர் போவோரிடமெல்லாம் அவரைப் பற்றிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். படுத்துவிட்ட பனை, உறங்கும் குச்சி, பதினோரு உத்தியோகம் பார்க்கும் சித்தரத்தை. நன்றாகவே நடித்துக் காட்டுவேன். பேச்சியம்மாள் கதையை மட்டும் இப்போதுதான் முதல்முறையாகச் சொல்கிறேன்.

சாருக்குப் பிறகு வந்துபோனவர்கள் யாரும் பலகையைத் தாண்டிப் பார்த்ததில்லை. செய்தி வந்த மறுநாள் புதுக் கண்காணிப்பாளர் வந்து பொறுப்பேற்றார். சின்னப் பெண், வெளியூர் போய்ப் படித்துவிட்டு வந்தவர். வந்த கையோடு பதிவேட்டை எடுத்துக்கொண்டு சுற்றுக்கு வாருங்கள் மேடம் என்று என்னைக் கூப்பிட்டார். போனோம். எண்ணைப் படித்தேன். ஒவ்வொரு செடியாய் நின்று, இலையைத் திருப்பிப் பார்த்து, கைப்பேசியில் குறித்துக்கொண்டே வந்தார். இவர் கையில் குடை இல்லை, நகக்கண்ணில் மண் இருந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது. இன்றைக்கு இந்தச் சனியனுக்கு ஒரு முடிவு வந்துவிடும் என்று நினைத்தேன்.

இஞ்சிப் பாத்திக்கு வந்தோம். இருநூற்றுப் பன்னிரண்டு என்று படித்தேன். பலகையைப் பார்த்தார், செடியைப் பார்த்தார், மறுபடி பலகையைப் பார்த்தார்.

"மேடம், இது ஏலமா? இலை ஒரு மாதிரி இருக்கே. அந்தச் செடி இருக்கா, இல்ல போயிடுச்சா?"

சொல்ல வேண்டிய சொல் நாக்கு நுனியில்தான் இருந்தது. முந்தின நாள் செத்த சாருக்குத் தாராளமாகச் சொன்ன அதே சொல். ஆனால் அதைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும். இத்தனை வருடமாய் உள்ளது என்று எழுதியிருக்கிறதே, இது யார் எழுத்து என்று கேட்பார்.

"உறக்கத்துல இருக்கு மேடம்," என்றேன்.

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். அனுபவசாலி சொல்கிறாள் என்று நினைத்திருப்பார். சரி என்று குறித்துக்கொண்டு அடுத்த செடிக்கு நகர்ந்தார்.